குளியலறைச் சுவருக்கு ஒரு நிறம்

எங்கள் கும்பகோணத்து வீட்டின் குளியலறையில் ஒரு சுவருக்கு என்ன நிறம் பூசுவது என்று நாங்கள் இரண்டு மாதம் பேசியிருக்கிறோம். சுவரின் அளவைச் சொன்னால் நகைப்புக்கு இடமாகும். ஏழடி அகலம், ஒன்பதடி உயரம். ஒரு லிட்டர் பெயிண்டில் இரண்டு பூச்சும் முடிந்து டப்பாவின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். அதே இரண்டு மாதத்தில் நாங்கள் ஒரு பழைய காரை விற்றோம், ஒரு உறவுக்காரர் வீட்டுத் திருமணத்தைப் பேசி முடித்துக் கொடுத்தோம். இரண்டும் சேர்ந்து ஒரு வாரம்கூட எடுக்கவில்லை.

'நாங்கள்' என்பது கணவனும் மனைவியும். இந்தக் கட்டுரையில் வரும் அம்மா எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு மாமியார். முப்பது வருடமாக இருவருமே அவரை அம்மா என்றுதான் அழைக்கிறோம். யார் எந்தக் கணக்கில் அழைக்கிறார்கள் என்று அவரும் பார்ப்பதில்லை. ஆகவே இங்கும் பிரித்துச் சொல்லவில்லை.

பழைய குளியலறை கொல்லைப்புறத்தில் கிணற்றை ஒட்டி இருந்தது. மூன்று பக்கச் சுவர், தகரக் கதவு, வெந்நீர் அண்டாவுக்கு ஒரு கோட்டை அடுப்பு. அதற்கு நிறம் தேர்ந்தெடுக்கும் கேள்வியே எழுந்ததில்லை. பொங்கலுக்கு முன்பு வீடு முழுவதற்கும் வெள்ளையடிப்பார்கள். மிஞ்சிய சுண்ணாம்பு குளியலறைக்கு. கல் சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டு நீர் ஊற்றினால் அது புகைந்து கொதிக்கும். பிள்ளைகளை அருகில் விடமாட்டார்கள். ஆறிய பின் வடிகட்டி, பிடிப்புக்குக் கொஞ்சம் கஞ்சி சேர்த்து, கடைசியில் துணியில் முடிந்த நீலத்தை அதில் அலசுவார்கள். வேட்டிக்குப் போடும் அதே நீலம்தான். சுண்ணாம்பில் எப்போதும் ஒரு பழுப்புச் சாயல் உண்டு. நீலம் அந்தப் பழுப்பை விழுங்கிவிடுவதால் வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது. வெள்ளைக்குள் நீலம் ஒளிந்திருக்கிறது என்பது சின்ன வயதில் எங்களில் ஒருவருக்குப் பெரிய மர்மமாக இருந்தது.

அந்தச் சுண்ணாம்புப் பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி நாளடைவில் மீண்டும் கல்லாகிறது என்பதையும், அதன் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் வளராது என்பதையும், சுவருக்குள் ஏறிய ஓதத்தை அது வெளியே விட்டுவிடும் என்பதையும் நாங்கள் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டோம். படித்தது அதையெல்லாம் இடித்த பிறகு.

2018இல் வீட்டைப் புதுப்பித்தபோது குளியலறையை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். அம்மாவுக்கு அப்போது 73 வயது. இரவில் கொல்லைக்குப் போக வேண்டாம், குந்தி உட்கார முழங்கால் ஒத்துழைக்கவில்லை, மேலைநாட்டுக் கழிப்பறைக் கோப்பை வைக்கலாம். காரணங்கள் எல்லாம் அவருக்கானவை. ஆனால் ரசனை எங்களுடையது. பத்திரிகைகளில் பார்த்த வெண்மையின் மேல் எங்களுக்கு ஒரு மயக்கம் இருந்தது. வெள்ளைப் பீங்கான் கோப்பை, வெள்ளைத் தண்ணீர்த் தொட்டி, குளிக்கும் பகுதியில் வெள்ளை டைல்ஸ், தரைக்குத் தந்த நிறத்தில் சொரசொரப்பான டைல்ஸ். கோப்பைக்குப் பின்னால் இருந்த பழைய சுவருக்கு டைல்ஸ் ஒட்டப் பணம் போதவில்லை. அதற்கும் வெள்ளை எமல்ஷன். வந்தவர்கள் எல்லோரும் 'ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா இருக்கு' என்றார்கள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டோம். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமலிருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எங்கள் குடும்பத்தின் நீண்டகால வழக்கம்.

2022 நவம்பரில், அடைமழை பெய்த ஓர் இரவில், அம்மா குளியலறையில் விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஈரத்தில் வழுக்கிவிட்டது என்று சொன்னார். அதை நம்பித் தரைக்கு ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டோம். ஆனால் அன்றிரவு அவரைத் தூக்கியபோது தரை காய்ந்திருந்தது என்பது எங்கள் இருவருக்குமே நினைவிருந்தது. அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள நான்கு நாள் ஆயிற்று.

நடந்தது இதுதான். அம்மா கோப்பை இருப்பதாக நினைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். கோப்பை அங்கிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது.

அவருக்கு இடது கண்ணில் பார்வை இல்லை. கண்ணழுத்த நோய், தாமதமாகக் கண்டுபிடித்தது. வலது கண்ணில் புரை முற்றிக்கொண்டிருந்தது. மிச்சமிருப்பது ஒரே கண் என்பதால் அழுத்தம் முதலில் கட்டுக்குள் வரட்டும், பிறகு புரையை எடுக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். சொட்டு மருந்தை நாங்கள்தான் போட்டுவிடுகிறோம். தெரியாமல் போனது, அந்தக் கண்ணின் வழியாக எங்கள் வெள்ளைக் குளியலறை எப்படித் தெரியும் என்பது.

வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளிக்கிறது. புரை வளரும்போது அந்த மஞ்சள் தேன் நிறமாகி, சில சமயம் பழுப்பாகவே ஆகிவிடுகிறது. நீல ஒளியைத்தான் அது முதலில் தடுக்கிறது. வெளிர்நீலம், வெண்மை, தந்தம் எல்லாம் ஒரே மங்கல் மஞ்சளாகக் கலந்துவிடும். கூடவே புரை ஒளியைச் சிதறடிக்கிறது. பளபளப்பான பரப்பில் விளக்கொளி பட்டால் அந்தப் பரப்பே காணாமல் போய்க் கூச்சம் மட்டும் மிஞ்சும். மருத்துவர் இதைச் சொன்னபோது தலையாட்டினோம். புரிந்தது வீட்டுக்கு வந்து செய்த ஒரு சிறுபிள்ளைத்தனமான காரியத்தால். ஒரு பழைய மூக்குக்கண்ணாடியில் மஞ்சள் கண்ணாடித் தாளை மடித்து ஒட்டி, அதன்மேல் தேங்காய் எண்ணெய் தொட்ட விரலால் தேய்த்து, இரவு இரண்டு மணிக்கு அதை அணிந்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகக் குளியலறைக்குள் போனோம்.

கோப்பை இல்லை. தொட்டி இல்லை. சுவர் எங்கே முடிந்து தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கொதித்த பாலுக்குள் நிற்பதுபோல் இருந்தது. எங்களில் ஒருவர் கையை நீட்டித் துழாவிக்கொண்டே வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றி, கூடத்துத் திண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா நான்கு வருடமாக அதற்குள் தினமும் ஐந்தாறு முறை போய்வந்துகொண்டிருந்தார்.

இந்த இடத்தில் வாசகர்கள் பலருக்கும் தெரிந்த ஒரு கட்டுரையைக் குறிப்பிட வேண்டும். ஜப்பானிய எழுத்தாளர் ஜுனிச்சிரோ தனிஜாகி 1933இல் எழுதத் தொடங்கிய, நிழல்களைப் போற்றும் நீண்ட கட்டுரை. கழிப்பறையைப் பற்றி அதைவிட அழகாக எழுதப்பட்ட பக்கங்களை நாங்கள் படித்ததில்லை. வெள்ளைப் பீங்கானும் வெள்ளை ஓடுமாக மின்விளக்கில் பளீரென்று நிற்கும் கழிப்பறையை அவர் வெறுக்கிறார். மரமும் மங்கல் ஒளியும் தோட்டத்து ஈரமுமாக இருக்கும் பழைய கழிப்பறைக்காக ஏங்குகிறார். விழுந்த சம்பவத்துக்குப் பிறகு அதை மறுபடி எடுத்துப் படித்தோம். வெள்ளையைப் பற்றி அவர் சொன்னது சரி என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவர் தரும் மாற்று, இருள். அந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது அவருக்கு 47 வயது. நல்ல கண்ணுள்ள ஒருவரால்தான் இருளை ரசிக்க முடியும். எங்கள் வெள்ளையும் அவருடைய நிழலும் எதிரெதிர் துருவங்கள் என்றாலும், இரண்டுமே நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர்களின் ஆடம்பரம் என்றே இப்போது எண்ணுகிறோம்.

ஆகவே நிறம். மழைக்காலம் முடிந்து சுவர் உலராமல் பெயிண்ட் வைக்க முடியாது என்று பெயிண்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்கு அவர் முப்பது வருடப் பழக்கம். வெள்ளையடிக்கும் மட்டையைப் பிடித்துத் தொழிலுக்கு வந்தவர். எமல்ஷனுக்கு அடியில் சுவர் உப்புப் பூத்து, ஆங்காங்கே கொப்புளித்துப் பொருக்குவிட்டிருந்தது. விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள ஓதம் நிக்குது சார். அது வெளிய வர வழி இல்லாம மேல மூடிட்டோம். சொரண்டிப் போட்டுட்டு தை வரைக்கும் காய விடுங்க" என்றார். அப்படிக் கிடைத்ததுதான் அந்த இரண்டு மாதம்.

கடையில் நிற அட்டைகளைத் தந்தார்கள். விசிறிபோல் விரியும் கட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர். பாதிப் பெயர்கள் எந்த நிறம் என்றே சொல்வதில்லை; ஏதோ ஒரு கடற்கரையையோ மாலைப்பொழுதையோ சொல்கின்றன. பெயருக்கு அருகே சில அட்டைகளில் ஓர் எண் இருக்கும். அந்த நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கான அளவு அது. முழுக் கருப்பு 0, முழு வெள்ளை 100. பார்வை குறைந்தவர்கள் புழங்கும் இடத்தில் அடுத்தடுத்த இரு பரப்புகளுக்கு இடையே இந்த எண்ணில் குறைந்தது 30 வித்தியாசம் இருக்கவேண்டும் என்று பிரிட்டனில் கட்டட வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. எங்கள் குளியலறையில் எல்லாமே 80க்கு மேல். என்ன நிறம் என்பதைவிட எவ்வளவு அடர்த்தி என்பதுதான் அம்மாவின் கண்ணுக்கு வேண்டியது என்று கண்டுபிடித்து, அட்டைகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டு உட்கார்ந்தோம். விடையை நெருங்கிவிட்டதாகவே நினைத்தோம்.

அட்டைகளை அம்மாவிடம் காட்டியபோது அவர் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு. பீரோவைத் திற" என்றார்.

பீரோவில் அவருடைய புடவைகள். நிறங்களுக்கு அம்மா வைத்திருக்கும் சொற்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. மாந்தளிர், வெங்காயச் சருகு, ராமர் பச்சை, கத்திரிப்பூ, மயில்கழுத்து, அரக்கு, வாடாமல்லி, காப்பிப்பொடி. எந்த அட்டையின் பெயரையும்விட இவை துல்லியமானவை. வெங்காயச் சருகு என்றால் நம் தெருவில் யாருக்கும் ஐயம் வராது. விரல்களால் மடிப்பையும் கரையின் ஜரிகையையும் தடவி, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எடுத்து வைத்தார். ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசியில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டார். எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்தியதால் அவர் பெயரையே பெற்றுவிட்ட அந்த ஆழ்ந்த நீலம். 1974 தீபாவளிக்கு அப்பா போனஸ் பணத்தில் வாங்கித் தந்தது.

"இதை அடிங்க."

பட்டுப்புடவை நிறத்தைக் கழிப்பறைச் சுவருக்கா என்று எங்களில் ஒருவர் கேட்டேவிட்டார். அம்மாவுக்கு அதில் தயக்கம் இல்லை. "பீரோவை நான் வருஷத்துக்கு ரெண்டு தடவை திறக்கிறேன். அங்க தினம் ராத்திரி நாலு தடவை போறேன்" என்றார்.

இதற்குமேல் என்ன பேச முடியும்? ஆனால் நாங்கள் மூன்று வாரம் பேசினோம், அவர் இல்லாதபோது. அவர் கண் முதலில் இழந்த நிறம் நீலம். அவருக்குப் பிடித்ததும் நீலம். அவர் விரும்புவதைப் பூசுவதா, அவரால் காண முடிவதைப் பூசுவதா? எங்களில் ஒருவர் விருப்பத்தின் பக்கமும் மற்றவர் கண்ணின் பக்கமும் நின்றோம். பிறகு பக்கம் மாற்றிக்கொண்டோம். கடைசியில் ஒரு சாமர்த்தியமான வாதம் கிடைத்தது. எம்.எஸ். நீலம் ஆழமான நிறம். எண்ணைப் பார்த்தால் 10க்கும் கீழே. அம்மாவின் கண்ணில் அதன் நீலம் போய்விட்டாலும் அடர்த்தி போகாது. அந்த அடர்த்தியின்மேல் வெள்ளைத் தொட்டி பளிச்சென்று தெரியும். விருப்பமும் நிறைவேறும், பார்வைக்கும் உதவும். இப்படி எல்லாப் பக்கமும் பொருந்திவரும் வாதங்களைச் சந்தேகிக்க வேண்டும் என்பதை அன்று நாங்கள் அறிந்திருக்கவில்லை.

தை பிறந்து பத்து நாளில் வேலை தொடங்கியது. பொருக்கைச் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் வைத்தார்கள். கதவையும் தேய்க்கலாம் என்று பெயிண்டரின் உதவியாள் ஆரம்பித்தபோது நிறுத்தச் சொன்னோம். அது கொல்லைக் கட்டிலிருந்து எடுத்து மாட்டிய பழைய மரக்கதவு; பச்சை எனாமல் எத்தனை அடுக்கு என்று யாருக்கும் தெரியாது. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட்டை உலரத் தேய்த்துத் தூசி கிளப்புவது ஆகாது. கதவை நனைத்துத் துடைத்து அப்படியே விட்டோம்.

புடவையைக் கடைக்கு எடுத்துப்போய் இயந்திரத்தில் கலந்து வாங்கி வந்தோம். முழுப் பளபளப்பு தண்ணீருக்கு நல்லது என்று கடைக்காரர் சொன்னார். கண் கூசும் என்பதால் பாதிப் பளபளப்பில் வாங்கினோம். அந்த ஒரு விஷயத்திலாவது சரியாக யோசித்திருக்கிறோம். சுவர் அபாரமாக வந்தது. இருவரும் வாசலில் நின்று பார்த்து மகிழ்ந்தோம். உண்மையில் அந்த நீலத்துக்கு முன்னால் வெள்ளைப் பீங்கான் ஒரு கொக்கு மாதிரி நின்றது.

அன்று மாலை அம்மா கதவருகே வந்து நின்றார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"யாருப்பா கருப்பு அடிச்சது?"

நீலம்தான் அம்மா, உங்கள் புடவை நிறம்தான் என்றோம். புடவையைக் கொண்டுவந்து அருகில் வைத்தோம். புடவையைத் தடவி "இது நீலம்" என்றார். சுவரைக் காட்டி "அது கருப்பு" என்றார். இரண்டும் ஒரே நிறம். அவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே இருட்டாகத்தான் வந்திருக்கும். ஆனால் புடவையை அவர் 1974இலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அதன் நீலத்தைத் தர அவருக்குக் கண் வேண்டியதில்லை. சுவருக்கு அப்படி ஒரு பூர்வீகம் இல்லை.

அவர் சண்டை போடவில்லை. "சரி, காசு போட்டுப் பண்ணிட்டீங்க, இருக்கட்டும்" என்றார். மூன்றாம் நாள் காலையில்தான், அவர் படுக்கையருகே வைக்கும் செம்பு முந்தைய இரவு நிரப்பியபடியே இருப்பதைக் கவனித்தோம். முன்தினமும் அப்படியே இருந்திருக்கிறது. இரவில் எழுந்து அந்தக் கருப்புக்குள் போக வேண்டியிருக்கும் என்று மாலை ஐந்து மணிக்குமேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார். வெள்ளைக் குளியலறையில் விழுந்தபோது வராத குற்றவுணர்வு அந்த நிறைந்த செம்பைப் பார்த்தபோது எங்களுக்கு வந்தது.

பெயிண்டரைத் திரும்ப அழைத்தோம். அவர் முகத்தில் வியப்பு இல்லை. "பெரியம்மாகிட்ட கடையில வச்சுக் கேட்டீங்களா, இங்க வச்சுக் கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஒட்டுப்பலகைத் துண்டுகள் நான்கைக் கொண்டுவரச் செய்து, அவற்றில் நான்கு நிறம் பூசித் தந்தார். அரக்கு, ராமர் பச்சை, வெங்காயச் சருகு, செங்காவி. இரவு, அம்மா வழக்கமாக எழும் நேரத்தில், அவர் வழக்கமாகப் போடும் விளக்கை மட்டும் போட்டு, ஒவ்வொரு பலகையாகத் தொட்டிக்குப் பின்னால் சாய்த்து வைத்தோம். பிடிக்கிறதா என்று கேட்கவில்லை. "தொட்டி எங்க இருக்கு, கையை வைங்க" என்று கேட்டோம்.

வெங்காயச் சருகுக்கு முன்னால் கை காற்றில் அலைந்தது. ராமர் பச்சையில் சற்றுத் தயங்கியது. அரக்கிலும் செங்காவியிலும் நேராகப் போய்த் தொட்டியின் மேல் உட்கார்ந்தது. இரண்டில் எது என்று அவரே சொன்னார். "அரக்கு கனமா இருக்கு. காவி தேவலை."

செங்காவி மண்ணிலிருக்கும் இரும்பின் நிறம். துருவின் உறவு. சுண்ணாம்பின் காரமும் வெயிலும் அதை ஒன்றும் செய்வதில்லை. கோயில் மதில்களில் வெள்ளைப் பட்டைக்கு அடுத்து அந்தப் பட்டையை ஏன் வைத்தார்கள் என்பதற்குச் சமயக் காரணங்கள் இருக்கலாம். மங்கிய கண்ணோடு பிரகாரம் சுற்றும் கிழவிக்கும் அந்த மதில் தெரிகிறது என்பதும் எங்களுக்கு இப்போது ஒரு காரணமாகவே படுகிறது. நீலத்தின்மேல் இரண்டு பூச்சுக் காவி அடித்து முடித்த அன்று அம்மா உள்ளே போய், தொட்டியைத் தொட்டு, கோப்பையின் விளிம்பைத் தொட்டு, சுவரைத் தொட்டு வெளியே வந்தார். "கோயில் மதிலைக் கொண்டாந்து வச்சிருக்கீங்க. இனிமே குளிச்சிட்டுத்தான் கக்கூஸுக்குப் போகணும்" என்றார். மறுநாள் காலை செம்பில் பாதித் தண்ணீர் இருந்தது.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. கோப்பையின் வெள்ளை இருக்கைப் பலகையைக் கழற்றிவிட்டு அடர்நிறப் பலகை மாட்டினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். சில நூறு ரூபாய் விலை. கைப்பிடிக் கம்பியில் சிவப்பு நாடா சுற்றினால் இன்னொரு கால்பங்கு. இரண்டையும் செய்தோம், காவி உலர்ந்த பிறகு, எல்லாவற்றுக்கும் கடைசியாக. சுவரின் நிறத்தைப் பற்றிப் பேசுவதில் இருந்த சுகம் இருக்கைப் பலகையைப் பற்றிப் பேசுவதில் இல்லை என்பதைத் தவிர இந்தத் தாமதத்துக்கு வேறு விளக்கம் எங்களிடம் இல்லை.

2023 ஆகஸ்ட்டில், அழுத்தம் கட்டுக்குள் வந்த பின், அம்மாவுக்குப் புரை அறுவை நடந்தது. ஒரே கண் என்பதால் அந்த அரைமணி நேரம் நாங்கள் வெளியே இருந்த விதத்தை எழுத விரும்பவில்லை. ஓவியர் கிளாட் மோனே 1923இல் வலது கண்ணில் மட்டும் இதே நோய்க்கு அறுவை செய்துகொண்டு, பிறகு எல்லாம் அளவுக்கு மீறி நீலமாகத் தெரிவதாக முறையிட்டு, நிறக் கண்ணாடி அணிந்தார். அவர் காலத்தில் வில்லையை எடுத்தால் எடுத்ததுதான். பதிலுக்கு உள்ளே பொருத்த ஒன்றும் இல்லை. அம்மாவுக்குச் செயற்கை வில்லை உண்டு. ஆனாலும் கட்டுப் பிரித்த முதல் வாரம் அவருக்கு உலகம் நீலம் போட்டு அலசியதுபோல்தான் இருந்தது. டியூப்லைட்டைப் பார்த்து "யாரு இவ்வளவு நீலம் போட்டது?" என்றார். எங்கள் தலைமுடி இவ்வளவு நரைத்திருக்கிறது என்று யாரும் தனக்குச் சொல்லவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

குளியலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "இதென்னப்பா, மிளகாய்ப்பொடி கொட்டின மாதிரி?" நாங்கள் சிரித்தோம். அவர்தான் தேர்ந்தெடுத்தார் என்றால் நம்பவில்லை. எங்களுக்குக்கூட அப்போதுதான் அந்தச் சுவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் இருந்தது. உண்மையில் சற்று முரட்டு நிறம்தான்.

பிறகு ஏதோ எடுப்பதற்காகக் கதவைச் சாத்தினார். நாங்கள் வெளியே நின்றிருந்தோம். கதவு சாத்தியபடியே வெகுநேரம் இருந்தது. கூப்பிட்டோம். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டபோது கதவு திறந்தது. கதவு முழுக்கத் திறந்திருக்கும்போது அதற்குப் பின்னால் மறையும் இடத்தில், சுவரின் ஓரத்தில், மேலிருந்து கீழாக ஒரு சாண் அகலத்துக்குக் காவி படாமல் விட்டிருக்கிறது. பெயிண்டர் மறந்தாரா, வேண்டுமென்று விட்டாரா என்று அவரிடம் இன்றுவரை கேட்கவில்லை.

அம்மா அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"எம்.எஸ். நீலத்தை ஏன் கதவுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

சுவர் முழுவதையும் மறுபடி நீலமாக்கிவிடலாமா என்று கேட்டோம். இப்போது அவருக்குத் தெரியும், இனி அது கருப்பாக இருக்காது. அவர் சுவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அறுவைக்குப் பின் யோசிக்கும்போதெல்லாம் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பழக்கம் வந்திருக்கிறது.

"வேண்டாம். காவி இருக்கட்டும், ராத்திரிக்கு நல்லா தெரியுது" என்றார். பிறகு, "இதையும் அழிச்சிடாதீங்க. கதவைச் சாத்தினா நான் பார்த்துக்கிறேன்."